தூக்கு, விடுதலை, 25 ஆண்டு: உடுமலை வழக்கின் மேல்முறையீட்டை வாசிப்பது எப்படி?

உடுமலை சங்கர் கொலை வழக்கில் திருப்பூர் மாவட்ட முதன்மை அமர்வு நீதிமன்றம் 2017 டிசம்பர் 12 அன்று ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2020 ஜூன் 22 அன்று அந்த ஆறில் ஒன்றைக்கூட உறுதி செய்யவில்லை. ஐந்து பேருக்கு ஆயுள் தண்டனை. ஆறாவது ஆள், அதாவது கௌசல்யாவின் அப்பா, விடுதலை.

இரண்டு தேதிகளுக்கும் நடுவில் புதுசாக ஒரு சாட்சி முளைக்கவில்லை. பழைய சாட்சி யாரும் காணாமல் போகவில்லை. அதே வாக்குமூலங்கள், அதே சிசிடிவி பதிவு. "ஏனுங்க, ஒரே கேஸு, ஒரே சாட்சி. இங்க தூக்கு, அங்க விடுதலையா? அப்பறம் எதுக்குங்க கோர்ட்டு?" என்று அந்த வாரம் திருப்பூரில் டீக்கடையிலும் பனியன் கம்பெனி வாசலிலும் கேட்டவர்கள் நிறைய. கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு ஊர் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட பதில்கள் இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. ஒரு தரப்பு, "மேல காசு வெளையாடிருச்சு" என்றது. இன்னொரு தரப்பு, "கீழ் கோர்ட்டு டிவியப் பாத்துத் தீர்ப்பு எழுதிருச்சு" என்றது. இரண்டுக்குமே ஆதாரம் கிடையாது. மேல்முறையீடு என்பது என்ன கேள்வியைக் கேட்கிற இடம் என்று தெரியாததால் வந்த பதில்கள் இவை.

இந்தக் குறிப்பில் அந்தக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது விளங்கினால் 2020 தீர்ப்பை எங்கே விமர்சிக்கலாம், எங்கே விமர்சிக்க முடியாது என்பதும் விளங்கும்.

வழக்கு, சுருக்கமாக

சங்கர் குமரலிங்கத்துக்காரர், தலித். கௌசல்யா பழனிக்காரர், தேவர் சமூகம். பொள்ளாச்சியில் பொறியியல் படிக்கும்போது பழக்கம். 2015 ஜூலையில் கல்யாணம். எட்டு மாதம் கழித்து, 2016 மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், உடுமலை பேருந்து நிலையத்தருகே இருவரையும் ஒரு கும்பல் வெட்டியது. சங்கர் இறந்துபோனார், வயது 22. தலையில் வெட்டுக்காயத்தோடு கௌசல்யா பிழைத்தார். அந்தச் சிசிடிவி காட்சியைப் பார்க்காத தமிழ்நாட்டுக்காரர் குறைவு.

2009-இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது கோவையிலிருந்து உடுமலை இங்கே வந்து சேர்ந்ததால் வழக்கும் திருப்பூருக்கு வந்தது. 11 பேர் மீது குற்றச்சாட்டு. ஆறு பேருக்குத் தூக்கு, ஒருவருக்கு ஆயுள், ஒருவருக்கு ஐந்து ஆண்டு. கௌசல்யாவின் அம்மா, தாய்மாமன் உட்பட மூன்று பேர் விடுதலை. தண்டனை பெற்றவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். அந்த மூவரின் விடுதலையை எதிர்த்து அரசும் மேல்முறையீடு செய்தது. உயர் நீதிமன்றம் மூவரின் விடுதலையை அப்படியே விட்டது. அப்பாவையும், ஆயுளும் ஐந்தாண்டும் பெற்ற இருவரையும் விடுவித்தது. வெட்டிய ஐவருக்கு ஆயுள், அதிலும் 25 ஆண்டுகள் கழியும்வரை தண்டனைக் கழிவு கிடையாது என்றது.

முதல் தலைப்புச் செய்தியிலேயே ஒரு பிழை

2017-இல் "ஆறு பேருக்குத் தூக்கு" என்று படித்தவர்கள் வழக்கு முடிந்தது என்று நினைத்தார்கள். அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 366-ஆம் பிரிவுப்படி, அமர்வு நீதிமன்றம் தூக்கு விதித்தால் ஆவணங்களை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும். உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் அதை நிறைவேற்ற முடியாது. குற்றவாளி மேல்முறையீடு செய்யாவிட்டாலும் இது நடக்கும். 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இதே விதி 407-ஆம் பிரிவாக இருக்கிறது.

ஆக, கீழ் நீதிமன்றத்தின் தூக்கு என்பது சட்டத்தின் பார்வையில் பாதித் தீர்ப்பு. மீதிப் பாதியை எழுத வேண்டியது உயர் நீதிமன்றம். "கீழ் கோர்ட்டு கொடுத்ததை மேல் கோர்ட்டு பறிச்சிருச்சு" என்ற பேச்சில் இந்த விஷயம் விட்டுப்போகிறது.

அமெரிக்காவில் கேட்கும் கேள்வி

நம் மனசில் இருக்கும் மேல்முறையீடு பாதி நேரம் ஆங்கிலப் படங்களிலிருந்து வந்தது. அங்கே அது வேறு சாமான்.

அமெரிக்காவில் பெரிய குற்ற வழக்குகளில் குற்றவாளி என்று சொல்வது ஜூரி. பன்னிரண்டு சாதாரண மனிதர்கள். ஏன் அப்படி முடிவு செய்தோம் என்று அவர்கள் காரணம் எழுதுவதில்லை. காரணமே எழுதாத தீர்ப்பின் காரணத்தை மேல் நீதிமன்றம் எப்படிச் சோதிக்கும்? சோதிப்பதில்லை. விசாரணை ஒழுங்காக நடந்ததா, நீதிபதி ஜூரிக்குச் சட்டத்தைச் சரியாகச் சொன்னாரா, அனுமதிக்கக் கூடாத சாட்சியம் உள்ளே வந்ததா என்றுதான் பார்க்கும். அதையும் விசாரணையின்போதே வக்கீல் எழுந்து ஆட்சேபித்திருக்க வேண்டும். அப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் பிறகு அதைக் கிளப்புவது மிகக் கடினம். கூட்டரசு நீதிமன்றங்களில் மேல்முறையீட்டு அறிவிப்புக்குக் கெடு வெறும் 14 நாள்.

"சாட்சியம் போதாது" என்றும் அங்கே வாதாடலாம். ஆனால் 1979-இல் ஜாக்சன் எதிர் வர்ஜீனியா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல் கடுமையானது. சாட்சியங்கள் எல்லாவற்றையும் அரசுத் தரப்புக்குச் சாதகமாகவே வைத்துப் பார்த்தாலும், அறிவுள்ள எந்த ஜூரியும் இந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது என்றால் மட்டுமே தண்டனை விழும். மேல் நீதிபதிக்குச் சொந்தமாக ஐயம் இருக்கிறதா என்பது கணக்கில் இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஜூரி ஒருவரை விடுவித்துவிட்டால் அதோடு முடிந்தது. ஒரே குற்றத்துக்கு இருமுறை இடர்ப்படுத்தக் கூடாது என்ற ஐந்தாம் திருத்தம் குறுக்கே நிற்பதால் அந்த விடுதலையை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்ய முடியாது.

இங்கே கேட்கும் கேள்வி

திருப்பூர்க்காரர்களுக்கு இந்த வித்தியாசத்தைச் செக்கிங் டேபிளை வைத்துச் சொல்லலாம். பையர் அனுப்பும் ஆள் ஃபேக்டரிக்கு வந்து, மெஷின்ல கார்டு இருக்கா, ஊசி ரெஜிஸ்டர் எழுதறாங்களா, நடைமுறை சரியா என்று பார்த்துவிட்டுப் போவது ஒரு வகை. பேக் செய்த கார்ட்டனைப் பிரித்து, ஒவ்வொரு பீஸையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் போட்டு, தையல் தையலாகப் பார்ப்பது இன்னொரு வகை. அமெரிக்க மேல்முறையீடு முதல் வகைக்கு நெருக்கம். நம்முடையது இரண்டாவது.

இந்தியாவில் அமர்வு நீதிபதி காரணம் எழுதியாக வேண்டும். உயர் நீதிமன்றம் அந்தக் காரணத்தையும், அதற்கு அடியில் இருக்கும் ஒவ்வொரு சாட்சியத்தையும் மறுபடி எடைபோடலாம். அதன் கேள்வி, "இந்தச் சாட்சியத்தை வைத்து எனக்குச் சந்தேகமில்லாமல் இருக்கிறதா?" என்பது. தூக்கு உறுதி வழக்கென்றால் அந்தக் கடமை இன்னும் கனமானது.

இதை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்பதற்கு நம் கொங்குப் பக்கமே ஒரு உதாரணம் தந்திருக்கிறது. கோகுல்ராஜ் வழக்கின் மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷும் ஆனந்த் வெங்கடேஷும் 2023 ஜனவரியில் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்கே நேரில் போய்ப் பார்த்தார்கள். முக்கியச் சாட்சி பிறழ்ந்துபோன வழக்கு அது. கோயில் சிசிடிவி பதிவுதான் பெரிய தூண். பதிவில் தெரியும் இடத்தைக் கண்ணால் பார்த்த பிறகு, அந்த ஆண்டு ஜூன் மாதம் யுவராஜ் உள்ளிட்டோரின் தண்டனையை உறுதி செய்தார்கள். அமெரிக்க மேல்முறையீட்டு நீதிபதி ஒருவர் இப்படிக் கிளம்பிப் போவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

ஆனால் இந்த முறையில் ஒரு பெரிய குறை இருக்கிறது. உயர் நீதிமன்றத்தின் கையில் இருப்பது காகிதம். சாட்சிக் கூண்டில் ஒருவர் தயங்கினாரா, தடுமாறினாரா, கண்ணைப் பார்த்துப் பேசினாரா என்பதைப் பார்த்தவர் திருப்பூர் நீதிபதி மட்டும்தான். பீஸைத் தொடாமல் போட்டோவை வைத்துச் செக்கிங் செய்வது போல. அதனால் நேரில் பார்த்தவர் நம்பிய சாட்சியை, காகிதத்தில் படித்தவர் நம்ப மறுக்கும்போது, ஏன் என்று விளக்கும் கடமை அவருக்குக் கூடுகிறது. ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பை விமர்சிக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்.

சதி என்ற தையல்

2020 தீர்ப்பு எங்கே திரும்பியது? கொலையில் திரும்பவில்லை. வெட்டியவர்கள் இவர்கள்தான் என்பதில் இரு நீதிமன்றங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. காயம்பட்ட கௌசல்யாவே நேரடிச் சாட்சி. காமிரா இருந்தது. திரும்பிய இடம் சதிக் குற்றச்சாட்டு. அப்பா ஆள் வைத்தார் என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை என்றது உயர் நீதிமன்றம்.

சதி வழக்குகள் மேல்முறையீட்டில் சுருங்குவது புதுசல்ல. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் நான்கு பேருக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, மூவருக்கு ஆயுளாக்கி, மற்ற 19 பேரைக் கொலைச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. காரணம் எளிது. கொலைக்குக் கண்ணால் பார்த்த சாட்சி இருக்கலாம். சதி நாலு சுவருக்குள் நடப்பது. யார் யாரைச் சந்தித்தார், எந்தப் பணம் எங்கே போனது, எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்குப் பேச்சு என்ற சூழ்நிலைச் சான்றுகளைக் கோத்துத்தான் அதை நிரூபிக்க வேண்டும். 1984-இன் சரத் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஐந்து நிபந்தனை வைத்தது. கண்ணி ஒவ்வொன்றும் நிரூபிக்கப்பட வேண்டும். சேர்ந்த சங்கிலி குற்றத்தைத் தவிர வேறு விளக்கத்துக்கு இடம் தரக்கூடாது. தொலைபேசிப் பட்டியல் போன்ற மின்னணுப் பதிவுக்கு உரிய சான்றிதழ் வேண்டும் என்று 2014-இல் அன்வர் வழக்கு கறாராகச் சொல்லிவிட்டது.

இனி விமர்சனத்துக்கு வருகிறேன். கண்ணி கண்ணியாகப் பார்ப்பது முதல் வேலை. எல்லாக் கண்ணிகளையும் சேர்த்து வைத்துப் பார்ப்பது இரண்டாவது வேலை. வெட்டிய ஐவர் தங்கள் சொந்தப் பகைக்காக வந்தார்கள் என்பது அரசுத் தரப்பு வழக்கு அல்ல. அவர்கள் பிறருக்காக வந்தவர்கள் என்பதுதான் வழக்கே. அவர்கள் கொன்றது உறுதி, அனுப்பியவர் என்று சொல்லப்பட்டவர் மீது நிரூபணம் இல்லை என்றால், ஐந்து பேருக்குச் சங்கரைக் கொல்ல என்ன காரணம் என்ற கேள்வி தொக்கி நிற்கிறது. காரணமில்லாமை என்பதே ஒரு சூழ்நிலைச் சான்று. அதையும் மற்றக் கண்ணிகளோடு தட்டில் வைத்து எடைபோட வேண்டும் என்பதே இந்தத் தீர்ப்பின் மீது வைக்கத்தக்க கனமான விமர்சனம் என்று நினைக்கிறேன். உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டிய கேள்வியும் அதுவே.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "அப்ப வேற யாருங்க அனுப்புனது?" என்ற கேள்விக்குப் பதில் கண்டுபிடிப்பது குற்றவியல் நீதிமன்றத்தின் வேலை இல்லை. இந்த மனிதர் மீது நிரூபணமா இல்லையா என்பது மட்டுமே அதன் வேலை. வேறு ஆள் தெரியவில்லை என்பதற்காக முன்னால் நிற்பவரைத் தூக்கில் போட ஆரம்பித்தால், நாளைக்கு அந்த இடத்தில் யார் நிற்பார்கள் என்று சொல்ல முடியாது. உயர் நீதிமன்றம் விடுவித்தவர் சட்டப்படி குற்றமற்றவர். சாதியின் மீது எனக்கு இருக்கும் கோபம் இந்த வரியை அழித்துவிடக் கூடாது. கண்ணி நைந்துபோயிருந்தால் அது நைந்தது புலனாய்வில். மேல்முறையீட்டில் புதுசாக நூல் நூற்க முடியாது.

இதே சாட்சியம் அமெரிக்காவில் என்ன ஆகியிருக்கும்? ஜூரி சதியை நம்பித் தண்டித்திருந்தால், ஜாக்சன் அளவுகோலைத் தாண்டி அதை உடைப்பது கடினமாக இருந்திருக்கும். மறுபுறம், விடுதலையான அந்த மூவர் மீது அரசு மேல்முறையீடே செய்திருக்க முடியாது. எந்த முறை நல்லது என்று ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு வரவில்லை. ஆனால் இரண்டு முறையிலும் நமக்குப் பிடித்த பாதியை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது என்பது தெரிகிறது.

25 ஆண்டு என்பது சலுகையா?

"தூக்கை ஆயுளாக்கிட்டாங்க, பதினாலு வருசத்துல வந்துருவானுங்க" என்பது அடுத்த புகார். இது நேரடியாகவே தவறு. தூக்கும் விதிக்கத்தக்க குற்றத்துக்கு ஆயுள் பெற்றவர், பொதுவாக 14 ஆண்டு முடிந்தபின் அரசின் தண்டனைக் கழிவுக்குப் பரிசீலிக்கப்படலாம். இந்த ஐவருக்கு உயர் நீதிமன்றம் அந்தக் கதவை 25 ஆண்டுக்கு அடைத்திருக்கிறது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. இப்படிக் கதவடைக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மட்டுமே உண்டு என்று 2015 டிசம்பரில் ஸ்ரீஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. அமர்வு நீதிபதியின் கையில் இருப்பது இரண்டே தேர்வு: கழிவுக்கு இடமுள்ள ஆயுள், அல்லது தூக்கு. முதலாவது போதாது என்று அவருக்குத் தோன்றினால் மிச்சம் தூக்கு மட்டுமே. கீழே தூக்கு, மேலே நீண்ட ஆயுள் என்று தீர்ப்புகள் மாறுவதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம். கண்ணகி–முருகேசன் வழக்கிலும் 2021-இல் கடலூர் நீதிமன்றம் ஒருவருக்கு விதித்த தூக்கு, 2022-இல் உயர் நீதிமன்றத்தில் ஆயுளானது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கொலை நடந்தது 2003-இல். தண்டனையின் அளவைவிட இந்த 22 ஆண்டுதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

யாருக்கு எத்தனை கதவு?

2009 திருத்தத்தில் 372-ஆம் பிரிவில் பாதிக்கப்பட்டவருக்கும் மேல்முறையீட்டு உரிமை வந்தது. குற்றவாளி விடுதலையானாலோ, சிறிய குற்றத்துக்கு மட்டும் தண்டிக்கப்பட்டாலோ, இழப்பீடு போதாவிட்டாலோ அரசை எதிர்பார்க்காமல் அவரே மேல்முறையீடு செய்யலாம். நல்ல மாற்றம். ஆனால் அந்தக் கதவு உயர் நீதிமன்றம்வரைதான்.

கீழே விடுதலையான ஒருவரை உயர் நீதிமன்றம் தண்டித்து, தூக்கோ ஆயுளோ பத்தாண்டோ கொடுத்தால், அவர் உச்ச நீதிமன்றத்துக்கு உரிமையோடு போகலாம். கீழே தண்டனை பெற்றவரை உயர் நீதிமன்றம் விடுவித்தால், பாதிக்கப்பட்டவரும் அரசும் சிறப்பு அனுமதி கேட்டு 136-ஆம் உறுப்பின்கீழ் நிற்க வேண்டும். தருவதும் மறுப்பதும் நீதிமன்றத்தின் விருப்பம். தமிழக அரசு உடுமலை வழக்கில் உச்ச நீதிமன்றம் போனது இந்தக் கதவு வழியாகத்தான். உயிர் போகும் ஆபத்தில் இருப்பவருக்கு ஒரு கதவு அதிகம் இருப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நீதிமன்றம் தூக்கு என்றும் அடுத்தது விடுதலை என்றும் சொல்லும் அளவுக்குப் பிளவு இருந்தால், மூன்றாவது வாசிப்பு உரிமையாகவே இருப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

பெயர் வராத மேல்முறையீடுகள்

கடைசியாக, நம் ஊருக்கு நெருக்கமான ஒன்று. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ பனியன் கம்பெனிக்கு வந்த ஒரு தொழிலாளி இங்கே தண்டிக்கப்படுகிறார் என்று வையுங்கள். டிவி வராது. தீர்ப்பின் நகல் அவருக்கு இலவசமாகத் தரப்பட வேண்டும், கேட்டால் இயன்றவரை அவர் மொழியிலேயே மொழிபெயர்ப்பு தரப்பட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 1978-இல் ஹோஸ்காட் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், நகலும் இலவச வக்கீலும் இல்லாத மேல்முறையீட்டு உரிமை உரிமையே இல்லை என்ற அளவுக்குப் போனார். சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவே மேல்முறையீடு அனுப்பலாம். அமர்வு நீதிமன்றத் தண்டனையை எதிர்த்து உயர் நீதிமன்றம் போகக் கெடு 60 நாள், தூக்கென்றால் 30.

தமிழில் பதிவான சாட்சியத்தைப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு 60 நாள் என்பது எவ்வளவு குறைவு என்று யோசித்துப் பாருங்கள். உடுமலை வழக்கில் இரு தரப்புக்கும் வக்கீல்கள் இருந்தார்கள், ஊரே பார்த்தது. அப்படியும் இரண்டு நீதிமன்றங்கள் இரண்டு விதமாக வாசித்தன. யாருமே திரும்ப வாசிக்காத தீர்ப்புகளில் எத்தனை பிழை இருக்கும்? விடுதலையைப் பார்த்துக் கோபப்பட்டவர்கள் இந்தக் கேள்வியையும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருக்க வேண்டும். சங்கருக்கு நியாயம் கேட்கிற அதே சட்டம்தான் அந்தத் தொழிலாளிக்கும் கடைசி வழி.